நிற்கும் லாரியின் பொறியியல்: வடசென்னைத் துறைமுகச் சாலைகளும் நெடுந்தூரச் சரக்கு வாகனத்தின் எதிர்காலமும்

1. கேள்வியும் களமும்

நெடுந்தூரச் சரக்கு லாரியின் எதிர்காலம் குறித்து எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே வருகின்றன. டீசலின் இடத்தில் எது வரும், ஓட்டுநரின் இடத்தில் எது வரும். பேட்டரியா, ஹைட்ரஜனா, திரவ இயற்கை எரிவாயுவா என்ற விவாதம் முதல் கேள்வியிலிருந்து பிறக்கிறது. கணினியே ஓட்டும் வண்டி பற்றிய கனவும் அச்சமும் இரண்டாவதிலிருந்து பிறக்கின்றன. இரண்டு கேள்விகளுக்கும் அடியில் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது: லாரி என்பது ஓடிக்கொண்டிருக்கும் பொருள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் கடற்கரைப் பட்டையில் இந்த அனுமானம் செல்லாது. இங்கு லாரி கணிசமான நேரம் நிற்கிறது. துறைமுக வாயிலுக்கு முன்பும், கண்டெய்னர் யார்டு வாசலிலும், காலிப் பெட்டியைத் திருப்பி ஒப்படைக்கும் வரிசையிலும், ஆவணத்தில் ஒரு முத்திரைக்காகவும் நிற்கிறது. எந்தத் தொழில்நுட்பம் இங்கு நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் ஓடும் தூரத்தைவிட இந்த நிற்கும் நேரத்துக்கே பங்கு அதிகம் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்தைச் சோதிக்க வடசென்னையைவிடப் பொருத்தமான களம் இந்தியாவில் அரிது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அதே கரையோரத்தில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் எண்ணூர் ஆலை இன்றும் கனரக வாகனங்களைத் தயாரிக்கிறது. ரப்பர் பலூன் செய்யும் கொட்டகையாகத் திருவொற்றியூரில் 1946இல் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பிறகு டயருக்கு வந்தது. மணலியில் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் இந்தியன் ஆயிலின் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019இல் திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தின் கண்டெய்னர் முனையம் 1983இலிருந்து இயங்குகிறது. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இல் சேர்ந்தது. வண்டி, டயர், எரிபொருள், சரக்கு ஆகிய நான்கும் ஒரே பட்டையில் இருக்கின்றன. எதிர்கால லாரியைக் கற்பனை செய்பவர்கள் இங்கு வந்து பார்ப்பதில்லை என்பதுதான் விந்தை.

2. ஓட்டத்தை மட்டும் அளக்கும் பார்வை

எதிர்கால லாரி என்றதும் இதழ்களில் வரும் படம் ஒன்றுதான்: காற்றைக் கிழிக்கும் கூரிய முகப்பு, வழுவழுப்பான பக்கங்கள், பக்கக் கண்ணாடிக்குப் பதில் கேமரா. இந்த வடிவத்துக்குக் காரணம் உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க ஓடும் அமெரிக்க லாரிக்கு முகப்பின் வடிவம் எரிபொருள் செலவில் பெரிய வித்தியாசத்தைத் தரும். இந்தியாவில் கனரக வண்டிகளின் வேகம் 80 கி.மீ. அளவில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, நடைமுறைச் சராசரி அதற்கும் வெகு கீழே. 40 கி.மீ. வேகத்தில் காற்றின் எதிர்ப்பு 80 கி.மீ. வேகத்தில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குதான். அந்த வேகத்தில் எரிபொருளைத் தின்பவை டயரின் உருள்தடையும், நின்று நின்று புறப்படுவதும்தான். ஆகவே இங்கு டயரின் கலவையும் காற்றழுத்தமும் முகப்பின் அழகைவிட முக்கியம். படம் எடுக்க ஏற்ற விஷயம் அல்ல என்பதால் அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

வடிவத்தில் இங்கு மாற வேண்டியது வேறு. திருவொற்றியூர் நெடுஞ்சாலை போன்ற தெருக்களில் டிரெய்லர்களும் மாநகரப் பேருந்துகளும், மீன் ஏற்றிய சிறு வண்டிகளும், இருசக்கர வாகனங்களும் ஒன்றையொன்று உரசியபடி செல்கின்றன. உயரமான கேபினில் அமர்ந்திருப்பவருக்கு இடப்பக்கச் சக்கரத்தருகே இருப்பவர் தெரிவதில்லை. லண்டன் நகரம் 2021 முதல் கனரக வாகனங்களை ஓட்டுநரின் நேரடிப் பார்வைப் பரப்பை வைத்து மதிப்பிட்டு, தேறாதவற்றுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அனுமதி மறுக்கிறது. 2024இல் தரம் இன்னும் இறுக்கப்பட்டது. தாழ்ந்த கண்ணாடியும் கதவில் ஒரு கீழ்ச் சாளரமும் கூரிய முகப்பைவிட மலிவானவை. வடசென்னைக்குத் தேவையானவையும் அவையே.

3. ஒவ்வோர் எரிபொருளும் நிற்கும் விதம்

எரிபொருள் விவாதத்தை நிற்கும் நேரம் என்ற அளவுகோலில் வைத்தால் அதன் தோற்றமே மாறிவிடுகிறது. டீசலிலிருந்து தொடங்கலாம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 தரநிலை, லாரியின் புகைக்குழாய்க்குள் ஒரு சிறு வேதியியல் கூடத்தையே வைத்தது. கரித்துகளைப் பிடிக்க ஒரு வடிகட்டி. நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்க யூரியாக் கரைசலுடன் ஒரு வினையூக்கி. இரண்டும் சரியாக வேலை செய்யப் புகை சூடாக இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் பாரத்துடன் ஓடும்போது அந்தச் சூடு தானாகக் கிடைக்கும். வரிசையில் ஊர்ந்தும், எஞ்சின் அணையாமல் நின்றும் கிடக்கும்போது புகை ஆறிவிடுகிறது, வினையூக்கி மந்தமாகிறது, வடிகட்டியில் கரி சேர்கிறது. பிறகு வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை உயர்வேகத்தில் சுழலவிட்டு அந்தக் கரியை எரிக்க வேண்டும். ஆய்வுக்கூடச் சான்றிதழில் தூய்மையான அதே வண்டி காசிமேட்டு வரிசையில் அவ்வளவு தூய்மையாக இருக்க முடியாது. குறை தயாரிப்பாளரிடம் இல்லை. ஓடுவதற்காக வடிவமைத்த ஒன்றை நிற்க வைத்திருக்கிறோம்.

திரவ இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.), நெடுந்தூர லாரிக்கு இடைக்கால மாற்றாகப் பல ஆண்டுகளாக முன்வைக்கப்படுகிறது. முனையமே எண்ணூரில் இருப்பதால் இங்கு அதன் ஈர்ப்பு இயல்பானது. ஆனால் அந்த எரிபொருள் சுமார் கழித்தல் 162 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்தால்தான் திரவம். தொட்டியின் காப்பு எவ்வளவு நல்லதானாலும் வெப்பம் மெல்ல உள்ளே கசியும்; வாயு கொதித்து அழுத்தம் ஏறும்; பல நாட்கள் வண்டி அசையாமல் நின்றால் அதை வெளியேற்றியாக வேண்டும். வெளியேறுவது மீத்தேன், வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைவிடப் பலமடங்கு வலியது. சில மணி நேர வரிசையால் இந்தச் சிக்கல் வராது என்பதையும் சொல்ல வேண்டும். லோடு கிடைக்காமல் வாரக்கணக்கில் நிற்கும் சிறு உரிமையாளரின் வண்டிக்குத்தான் இது ஆபத்து. நாள்தோறும் தவறாமல் ஓடும் பெரிய நிறுவனத்தின் வாகனத்துக்கு எல்.என்.ஜி. பொருந்தலாம்.

ஹைட்ரஜனை விரைவாகக் கடந்துவிடலாம். ஹைட்ரஜனை எரிக்கும் எஞ்சின் கொண்ட லாரியை ரிலையன்சும் அசோக் லேலண்டும் 2023 பிப்ரவரியில் பெங்களூரில் காட்டின. சாலையோரத்தில் மலிவான பசுமை ஹைட்ரஜன் கிடைக்கும்வரை அது ஒரு காட்சிப் பொருளுக்கு மேல் உயர வாய்ப்பில்லை.

பேட்டரி வண்டியின் கதை வேறு. நின்றால் அதன் மோட்டாரும் நிற்கிறது, புகையில்லை, சத்தமில்லை. ஊர்ந்து செல்லும் போக்குவரத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இழக்கும் ஆற்றலில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறது. எல்லாவற்றையும்விட, நிற்கும் நேரத்தை எரிபொருள் நிரப்பும் நேரமாக மாற்றக்கூடியது இது ஒன்றுதான். 60 கிலோவாட் சார்ஜரில் நான்கு மணி நேரம் நின்றால் 240 யூனிட் ஏறும், கி.மீ.க்கு ஒன்றரை யூனிட் என்று கொண்டால் 160 கி.மீ. ஓடலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் போய்த் திரும்ப அது போதும். பெங்களூர்ப் பயணத்தில் பாதி. ஐரோப்பாவில் மெகாவாட் அளவுச் சார்ஜர்களுக்கு இவ்வளவு அவசரம் காட்டுவதன் காரணம் இங்கு கவனிக்கத்தக்கது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு என்று அங்கே சட்டம் இருக்கிறது. அந்த 45 நிமிடத்துக்குள் பேட்டரியை நிரப்ப வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்தே அந்த இயந்திரத்தின் அளவு பிறந்தது. ஓட்டுநரின் ஓய்வு நேரம் அங்கே தொழில்நுட்பத்தின் அளவை வகுத்தது. இங்கே அந்த வேலையைச் செய்வது காத்திருப்பு. அதற்கு மலிவான, மெதுவான சார்ஜர்கள் போதும்.

4. குளிர்ந்த கேபினும் எட்டு மணி நேரமும்

லாரி கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி 2025இல் நடைமுறைக்கு வந்தது. நெடுங்காலம் இந்திய லாரிகள் பல அடிச்சட்டமாகவும் முகப்பாகவும் மட்டும் விற்கப்பட்டன. கேபினை உள்ளூர்ப் பட்டறையில் மரத்தாலும் தகட்டாலும் கட்டிக்கொள்வார்கள். எஞ்சின் சூடு நேராக ஓட்டுநரின் காலில் ஏறும். அந்தப் பின்னணியில் இந்த விதி தாமதமாக வந்த நியாயம். ஆனால் அதை வகுத்தவர்களும் ஓடும் லாரியைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். டீசல் லாரியில் குளிர்சாதனத்தை இயக்குவது எஞ்சின். வண்டி நிற்கும்போது கேபின் குளிர வேண்டுமானால் எஞ்சின் ஓட வேண்டும். மணிக்குச் சுமார் 2 லிட்டர் டீசல் வீணாக எரியும். மே மாத வெயிலில் வரிசையில் நிற்கும் ஓட்டுநர் ஒன்று தன் பணத்தை எரித்துத் தூங்க வேண்டும், அல்லது விதி வருவதற்கு முன்பு போலவே வியர்த்துக் கிடக்க வேண்டும். அவர் முதலாவதைத் தேர்ந்தால் அந்தப் புகை சாலையோர வீடுகளுக்குள் போகும். ஓட்டுநரின் உடல்நலமும் குடியிருப்பவரின் உடல்நலமும் ஒன்றோடொன்று மோதும்படி ஒரு நல்ல விதி இங்கே அமைந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 5 நிமிடத்துக்கு மேல் எஞ்சினை வெறுமனே ஓட விடுவதற்குத் தடை உண்டு. எனவே அங்கே தனிப் பேட்டரியில் இயங்கும் குளிர்சாதனம் பரவியது. பேட்டரி லாரியில் எட்டு மணி நேரக் குளிர்ச்சிக்கு ஆகும் மின்சாரம், அது பத்து கி.மீ. ஓடத் தேவையான அளவுக்குள்ளேயே அடங்கிவிடும்.

கேபினின் வடிவத்தைப் பேசும்போது வேலை நேரத்தையும் பேசியாக வேண்டும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. அதற்குக் கீழே நீட்டிப்பது மாநில அரசின் விருப்பமாக இருந்தது. நாட்டின் லாரி உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஓரிரு வண்டி வைத்திருப்பவர்கள். அதாவது சட்டம் எழுதப்பட்டபோதே பெரும்பான்மை ஓட்டுநர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். வரிசையில் காத்திருப்பது வேலை நேரமா ஓய்வு நேரமா என்ற கேள்விக்கு நடைமுறையில் ஒரே பதில்தான்: டிரிப்புக்கு இவ்வளவு பேட்டா. நேரம் கணக்கில் வருவதே இல்லை. காத்திருப்புக்கு விலை இல்லாதவரை அதைக் குறைக்க எவருக்கும் அவசரம் இருக்காது. சுங்க முகவருக்கும் இல்லை, யார்டுக்கும் இல்லை, கப்பல் நிறுவனத்துக்கும் இல்லை.

5. கணக்கு

நிற்கும் நேரம் முதலீட்டை எப்படித் தின்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இவை சந்தை விலைகள் அல்ல, விளக்கத்துக்கான எடுகோள்கள். மானியம் போக மின் லாரிக்கும் டீசல் லாரிக்கும் 60 லட்சம் ரூபாய் வித்தியாசம் என்று வைப்போம். டீசல் லாரி லிட்டருக்கு 3 கி.மீ., டீசல் 92 ரூபாய் என்றால் கி.மீ.க்குச் சுமார் 30 ரூபாய் ஆகும். மின் லாரிக்கு யூனிட் 10 ரூபாய் வீதம் 15 ரூபாய். மிச்சம் 15 ரூபாய். வித்தியாசத்தை மீட்க 4 லட்சம் கி.மீ. ஓட வேண்டும். ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 400 கி.மீ. ஓடினால் மூன்றரை ஆண்டுக்குள் மீண்டுவிடும். 200 கி.மீ. என்றால் ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. வரிசையில் சிக்கி 80 கி.மீ. மட்டும் ஓடும் வண்டிக்குப் பதினாறு ஆண்டுக்கு மேல். இதில் வட்டி சேரவில்லை. விலை அதிகமாகவும் ஓட்டச் செலவு குறைவாகவும் இருக்கும் எந்த இயந்திரமும் ஓடினால்தான் தன் கடனைக் கட்டும். பழைய டீசல் வண்டி இதற்கு நேரெதிர்: டியூ முடிந்த வண்டி சும்மா நின்றாலும் உரிமையாளருக்குப் பெரிய நட்டமில்லை. துறைமுக வேலைக்கு நெடுஞ்சாலையில் ஓடிக் களைத்த பழைய வண்டிகள் வந்து சேர்வதற்கு இந்தக் கணக்கே காரணம். உரிமையாளரின் அறியாமையோ அலட்சியமோ அல்ல.

2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட பிரதமர் இ-டிரைவ் மின் லாரி மானியம் சுமார் 5,600 வண்டிகளுக்கு, வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் தருகிறது. பழைய வண்டியைக் கழிவுக்குக் கொடுத்த சான்று வேண்டும். நல்ல தொடக்கம்தான். ஆனால் மேலே பார்த்த கணக்கில் 9.6 லட்சம் தரும் பயனைவிட, நாளுக்கு 80 கி.மீ. ஓடும் வண்டியை 200 கி.மீ. ஓட வைப்பது பலமடங்கு பயன் தரும். பின்னதற்கு வண்டிக்கான மானியம் வேண்டியதில்லை. சீராக இயங்கும் துறைமுக வாயில் வேண்டும்.

6. நான்கு மறுப்புகள்

முதல் மறுப்பு: சாலை விரிந்தால் வரிசை மறையும், அதற்காக லாரியை மாற்றி வடிவமைப்பது வீண். துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலை இதற்குச் சொல்லப்படும் தீர்வு. 2009இல் அடிக்கல் நாட்டி, 2012இல் நின்று, ஈரடுக்குத் திட்டமாக 2022 மே மாதம் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் தேவையை மறுக்கவில்லை. ஆனால் வரிசை சாலையின் அகலத்தால் மட்டும் உண்டாவதில்லை. கப்பல்கள் ஒரே நேரத்தில் சேர்வது, நகரச் சாலைகளில் கனரக வண்டிகளுக்குள்ள பகல் நேரக் கட்டுப்பாடு, ஆவணச் சரிபார்ப்பு, யார்டில் இடமின்மை எல்லாம் சேர்ந்தே அது உருவாகிறது. அகலச் சாலை வரிசையை வாயிலுக்கு இன்னும் வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கவும் கூடும்.

இரண்டாவது: துறைமுக டிரெய்லர் குறுந்தூர வண்டி, அதிலிருந்து நெடுந்தூர லாரி பற்றி முடிவு சொல்லலாமா? வெளிநாட்டில் இந்தப் பிரிவினை உண்மை. இங்கே அதே வண்டி இன்று ஒரகடம் போகும். நாளை லோடு கிடைத்தால் பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ போகும். பெங்களூருக்கு 350 கி.மீ. போகும் வண்டியும் இரு முனையிலும் காத்திருக்கிறது. ஆயினும் தில்லிக்கோ குவாஹாட்டிக்கோ போகும் வண்டிக்கு இந்த வாதம் பலவீனமாகிறது என்பதை ஏற்கிறேன். அங்கே எல்.என்.ஜி.யும் டீசலும் இன்னும் சில காலம் இருக்கும்.

மூன்றாவது: ஓட்டுநர் இல்லா லாரி வந்தால் காத்திருப்பு ஒரு பொருட்டா? அமெரிக்காவில் அரோரா நிறுவனம் 2025 மே மாதம் டல்லஸ்–ஹூஸ்டன் இடையே ஓட்டுநரின்றி லாரியை இயக்கியது. சில வாரங்களிலேயே, வண்டியைத் தயாரித்த நிறுவனம் கேட்டுக்கொண்டதால் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்தது. நேரான நெடுஞ்சாலையிலேயே அன்றைய நிலைமை இது. வேலியிட்ட முனையத்துக்குள் தானியங்கி வண்டிகள் ஓடுவது வேறு. வடசென்னைத் தெருவில் அது வெகு தூரம். மேலும் ஆளில்லா வண்டி மிகுந்த விலையுள்ள வண்டி. நிற்கும்போது அதன் முதலீட்டு இழப்பு இன்னும் கூடுதல். முந்தைய பகுதியின் கணக்கு அதற்குத்தான் கடுமையாகப் பொருந்தும்.

நான்காவது மறுப்பே வலுவானது. வடசென்னைக்காரர்கள் எழுப்ப உரிமையுள்ளதும் அதுதான். பேட்டரி லாரியின் மின்சாரம் எங்கிருந்து வரும்? அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்தும்தான். அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் சேர்ந்த வரலாறு எண்ணூர் மீனவர்களுக்குத் தெரியும். காசிமேட்டின் புகையைக் குறைத்து அத்திப்பட்டில் சாம்பலைக் கூட்டினால் அது வடசென்னைக்குள்ளேயே நடக்கும் இடமாற்றம் மட்டுமே. இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை; ஒரு பகுதிப் பதில் உண்டு. நகரக் கட்டுப்பாட்டால் லாரிகள் காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பகல், அதாவது சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரம். பகல் நேரச் சார்ஜிங்குக்குக் கட்டணத்தைக் குறைத்தால் நிலக்கரியின் பங்கு குறையும். இரவில் சார்ஜ் செய்தால் குறையாது.

7. முதலில் செய்ய வேண்டியது

இவற்றிலிருந்து எழும் லாரியின் உருவம் கண்காட்சியில் கைதட்டல் வாங்காது. நடுத்தர அளவுப் பேட்டரி. மிகப் பெரிய பேட்டரி சரக்கு எடையைத் தின்னும். உப்புக் காற்றுக்கு அரிக்காத இணைப்புகள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மணலியில் நின்ற தண்ணீரை நினைவில் வைத்து உயர்த்திப் பொருத்திய, நீர்புகாத பேட்டரிப் பெட்டி. படுக்க ஒரு முழு நீளப் பெர்த், எஞ்சின் அணைந்தாலும் குளிரும் கேபின், தாழ்ந்த பக்கச் சாளரம். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. எண்ணூரிலேயே செய்யக்கூடியவை.

ஆனால் ஊர்ந்து நகரும் வரிசையில் எந்த வண்டியையும் சார்ஜ் செய்ய முடியாது. வரிசை சாலையிலிருந்து யார்டுக்கு மாற வேண்டும். முன்பதிவு நேரம், டோக்கன் எண், கழிப்பறை, சார்ஜர் உள்ள நிறுத்துமிடம், முறை வந்தால் அழைப்பு. இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம். துறைமுகமும் முனையங்களும் காவல்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். ஒன்றிய அரசின் 2023ஆம் ஆண்டுப் பசுமைத் துறைமுக வழிகாட்டுதல் துறைமுகத்துக்குள் இயங்கும் கருவிகளையும் வாகனங்களையும் மின்மயமாக்கச் சொல்கிறது. வாயிலுக்கு வெளியே நிற்கும் டிரெய்லர் யாருடைய கணக்கிலும் இல்லை. அதைக் கணக்கில் கொண்டுவரும் முதல் படி எளியது: சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி ஆகிய மூன்று துறைமுகங்களும் தங்கள் வாயில்களில் ஒரு லாரி சராசரியாக எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதை மாதந்தோறும் பொதுவில் வெளியிட வேண்டும். வாயிலில் ஏற்கெனவே மின்னணுப் பதிவு நடக்கிறது. வண்டிகளில் இருப்பிடக் கருவிகள் இருக்கின்றன. தரவைத் திரட்டுவது கடினமல்ல. அதை வெளியிடும்படி துறைமுக நிர்வாகங்களைக் கேட்கும் பொறுப்பு மாநிலப் போக்குவரத்துத் துறைக்கும், வடசென்னையின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இருக்கிறது.